பழைய புடவையின் புத்தக மதிப்பு

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு ஞாயிறு மதியம், தெருவில் ஒரு பெண் குரல் கொடுத்துக்கொண்டே போனாள். தலையில் பெரிய மூட்டை, கூடை நிறைய எவர்சில்வர் பாத்திரம். நம்ம ஊரில் "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று வருவாரே, அதன் வங்காளக் கிளை. இங்கே பழைய புடவைக்குப் பாத்திரம். வீட்டம்மா என்னைப் பார்த்தார். நான் பரண் மேலிருந்த தகரப் பெட்டியைப் பார்த்தேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெட்டிக்குள் அம்மாவின் கண்டாங்கிச் சேலைகள் ஏழு.

"யாரும் கட்டப்போறதில்லை. ஒரு நல்ல அடுக்காவது கிடைக்கும்" என்றார் வீட்டம்மா. கணக்குப்படி பேச்சு சரிதான். நான் படித்தது வணிகவியல். தேய்மானமெல்லாம் போக எங்கள் கிளையில் ஒரு பழைய இரும்பு அலமாரி ஒரு ரூபாய் மதிப்பில் ஏட்டில் உட்கார்ந்திருக்கிறது. சேலைகளுக்கு அதுவும் கிடையாது. ஆனாலும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வங்காள மாமி இதைக் கேட்டுவிட்டுத்தான், "பழைய புடவையையா? காந்தா போடுங்களேன்" என்றார். அப்போதுதான் இந்தக் கதை எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

காந்தா என்றால் இன்று நமக்கெல்லாம் கடையில் தொங்கும் விலை உயர்ந்த டஸ்ஸர் பட்டுப் புடவைதான் ஞாபகம் வரும். அசலில் அது கிழிந்த துணி. கட்டிக் கட்டிப் பஞ்சாகிப்போன பருத்திப் புடவை, வேட்டி இவற்றை மூன்று நான்கு அடுக்காக விரித்து, ஓரம் மடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டால் காந்தா. தையல் நெருங்க நெருங்கத் துணியில் சின்னச் சின்ன அலை எழும்பும். நூலும் வாங்கியதல்ல! புடவையின் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அதில்தான் நடுவே தாமரை, நான்கு மூலையிலும் மரம் என்று தைத்தார்கள். முதலீடு என்று பார்த்தால் ஊசி மட்டும்தான். மீதியெல்லாம் பெண்களின் மதியத் தூக்கம்.

இதில் வகைகள் வேறு. குளிருக்குத் தடிமனான லேப், விருந்தாளி உட்கார விரிக்கும் சுஜனி, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்க ஆர்ஷிலதா. எனக்குப் பிடித்தது துர்ஜனி. சதுரத் துணியின் மூன்று மூலைகளைத் தபால் உறை மாதிரி உள்ளே மடித்துத் தைத்த பணப்பை. (வங்கிக்காரன் புத்தி, வேறென்ன!) பிறந்த குழந்தையைப் பழந்துணிக் காந்தாவில்தான் கிடத்துவார்கள். மென்மை ஒரு காரணம், கண்ணேறு படாது என்பது இன்னொன்று. நம் வீடுகளிலும் குழந்தைக்கு முதலில் சுற்றுவது பழந்துணிதானே? தூளி கட்டவும் அம்மாவின் பழஞ்சேலைதான்.

சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணதாச கவிராஜர் எழுதிய சைதன்ய சரிதாமிருதத்திலேயே காந்தா வருகிறது. பூரியில் துறவியாக இருந்த மகன் சைதன்யருக்கு, தாய் சசிதேவி தன் கையால் தைத்த காந்தாவை யாத்திரிகர்களிடம் கொடுத்து அனுப்பினாராம். வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு என்று படித்ததும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஊரிலிருந்து ரயிலேறியபோது அம்மா என் பையில் திணித்தனுப்பியதும் ஒரு பழஞ்சேலைப் போர்வைதான். அதை எந்த ஊர் மாற்றலில் தொலைத்தேன் என்று நினைவில்லை.

அதே காலத்தில் போர்த்துக்கீசிய வணிகர்கள் சாத்காவ், ஹூக்ளி பக்கமிருந்து மஞ்சள் டஸ்ஸர் நூலில் பூவேலை செய்த மெத்தை விரிப்புகளை லிஸ்பனுக்குக் கப்பலேற்றினார்கள். அது புதுத்துணி, ஏற்றுமதிச் சரக்கு. வீட்டுக் காந்தா சந்தைக்கே வரவில்லை. அதனால் அதைப் பற்றிக் கணக்கேடு எதுவும் கிடையாது.

பிறகு அதைச் சேகரித்தது ஒரு அரசு அதிகாரி. குருசதய் தத் (1882-1941), ஐ.சி.எஸ். மாவட்டம் மாவட்டமாக வேலை பார்த்தபோது, ஊர்க்காரர்களே மதிக்காத பொம்மைகள், பட ஓவியங்கள், காந்தாக்களை வாங்கிச் சேர்த்தார். அவர் பெயரில் ஜோக்காவில் இருக்கும் அருங்காட்சியகம் 1963-ல் திறக்கப்பட்டது. 2017-ல் மத்திய அரசு நிதி நின்றுபோய்ப் பெரும் கஷ்டத்துக்கு ஆளானது. மானதாசுந்தரி என்ற பெண் 19-ஆம் நூற்றாண்டில் தன் அப்பாவுக்காகத் தைத்த காந்தா அந்தத் தொகுப்பில்தான் உள்ளது. சிப்பாய்கள் உள்பட எத்தனையோ உருவங்கள். தான்தான் தைத்தேன் என்று எழுத்தாகவும் தைத்திருக்கிறார். கையெழுத்துப் போட்ட பழந்துணி!

1947 பிரிவினையில் ஜெசோர், ஃபரீத்பூர் போன்ற காந்தா ஊர்கள் பலவும் அந்தப் பக்கம் போயின. இந்தப் பக்கம் சாந்திநிகேதன் வட்டாரம் அதை வளர்த்தது. பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-லும், தக்தீரா பேகத்துக்கு 2024-லும் இந்தத் தையலுக்காகவே பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் பீர்பூம் மாவட்டம் நானூரில் ஒரு சுய உதவிக் குழுவின் கடன் மனுவைப் பார்க்கப் போனபோது, செலவுக் கணக்கில் முதல் வரியே "பட்டுத்துணி, நூல்". கச்சாப்பொருளுக்கு ஒரு காசு செலவில்லாமல் பிறந்த தொழில், இன்று கச்சாப்பொருள் வாங்கக் கடன் கேட்கிறது. பழந்துணியில் தைத்தால் யார் வாங்குவார்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவர்களுக்குக் கூலி கிடைக்கிறது, முன்பு கிடைக்கவில்லை. நான் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அம்மாவின் சேலையை அவர்களிடம் கொடுக்க ஆசைதான். கடன் கேட்டிருப்பவரிடம் சொந்த வேலை கொடுப்பது முறையல்ல என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மாமியார், தெற்கு 24 பர்கானாவில் இருப்பவர், ஒப்புக்கொண்டார். ஏழையும் தடவிப் பார்த்து மூன்றைத் தள்ளிவிட்டார். நூல் முரடு, ஊசி இறங்காதாம். அம்மா அதிகம் கட்டித் துவைத்து நைந்த நான்குதான் தேறின. நல்லதாக இருந்ததெல்லாம் தள்ளுபடி, கிழிந்ததெல்லாம் தேர்வு! கூலி பேசும்போது வீட்டம்மா, "இதுக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கலாம்" என்றார். மறுப்பதற்கில்லை.

போன வாரம் அந்த அம்மா ஒரு மூலையைக் காட்டி, இந்தக் கறையை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். பார்த்தால் ஊர்ச் சலவைக்குறி. சேங்கொட்டை மையில் போட்ட இரண்டு கோடும் ஒரு புள்ளியும், எங்கள் வீட்டு அடையாளம். வெட்ட வேண்டாம், மேல்பக்கமாக வருகிற மாதிரி வைத்துத் தையுங்கள் என்றேன். பூஜைக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.