கத்பர்ட்: ஊரை இழந்த ஒரு பெயர்

இங்கிலாந்தில் ஆண் குழந்தைக்குக் கத்பர்ட் என்று பெயர் வைப்பவர்கள் இன்று அபூர்வம். ஏன் என்று கேட்டால் வழக்கமாக ஒரே விடை வரும்: முதல் உலகப் போர். 1916 ஜனவரியில் பிரிட்டன் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், அரசு அலுவலக மேசைக்குப் பின்னால் பதுங்கிப் போர்முனைக்குப் போகாமல் தப்பித்துக்கொண்ட இளைஞர்கள் மீது ஊருக்கே ஆத்திரம். லண்டன் 'ஈவினிங் நியூஸ்' பத்திரிகையில் 'பாய்' என்ற புனைபெயரில் கேலிச்சித்திரம் வரைந்துவந்த பெர்சி ஃபியரன், இவர்களை மிரண்டு விழிக்கும் முயல்களாக வரைந்து 'கத்பர்ட்' என்று அழைத்தார். 1917 வாக்கில் அது கோழைக்கு மறுபெயராகிவிட்டது. அப்புறம் எந்தத் தாய் தன் பிள்ளைக்கு அதை வைப்பாள் என்று கேட்டு, விஷயத்தை அத்தோடு முடித்துவிடுகிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1,200 ஆண்டுகள் நின்ற ஒரு பெயரை ஒரு பத்திரிகைச் சித்திரம் சாய்த்துவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. அந்தப் பெயரை நிறுத்திவைத்தது ஒரு நிலப்பகுதியும் அங்கே வாழ்ந்த மக்களும். அந்தப் பிடி போர் வருவதற்கு முன்பே விட்டுப்போயிருந்தது. சித்திரக்காரர் தள்ளியது வேர் அறுந்து நின்ற மரத்தை.

வேர் எங்கே இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'கூத்' என்றால் பலரும் அறிந்த, புகழ்பெற்ற. 'பெயோர்ட்' என்றால் ஒளி. இப்படி இரண்டு சொற்களைச் சேர்த்துப் பெயர் வைப்பது அந்தக் காலத்து ஆங்கிலேயரின் பொது வழக்கம். ஆகவே பொருளால் இந்தப் பெயருக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. சிறப்பு வந்தது ஒரு துறவியால். மெல்ரோஸ் மடத்தில் 651இல் சேர்ந்த கத்பர்ட், பின்னர் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்துக்கு வந்தார். கடல் ஏறும்போது தினமும் இருமுறை கரையோடு தொடர்பு அறுந்துபோகும் தீவு அது. அந்தத் தனிமையும் போதாமல், இன்னும் தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் ஃபார்ன் தீவில் பறவைகளுக்கு நடுவே தனியாக வாழ்ந்தார். 685இல் வற்புறுத்திப் பிஷப்பாக்கினார்கள். 687 மார்ச் 20 அன்று அதே ஃபார்ன் தீவில் இறந்தார். பதினோரு ஆண்டுகள் கழித்துப் பேழையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்தது என்று மடத்தார் அறிவித்தார்கள். அன்றிலிருந்து வட இங்கிலாந்தில் அவருக்கு இணையான புனிதர் வேறொருவர் இல்லை.

793இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினார்கள். 875இல் துறவிகள் உடல் இருந்த பேழையைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டே கிளம்பினார்கள். ஏழெட்டு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து, செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தங்கி, 995இல் டர்ஹம் குன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். பேழைக்குள் அவரோடு நார்தம்பிரிய மன்னர் ஆஸ்வால்டின் தலையும் இருந்தது. பேழைப் பலகையில் புனிதர்களின் பெயர்களை லத்தீன் எழுத்திலும் பழைய ரூன் எழுத்திலும் கீறியிருந்தார்கள். அந்தப் பலகைகளின் துண்டுகள் இன்றும் டர்ஹமில் உள்ளன. பேழை நின்ற இடமெல்லாம் அவர் பெயரில் கோயில் எழுந்தது என்பது வழிவழிச் செய்தி. ஸ்காட்லாந்தில் ஓர் ஊரின் பெயரே 'கத்பர்ட்டின் கோயில்' என்றுதான் பொருள்படும். டைன் ஆற்றுக்கும் டீஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் மன்னருடையதாக அன்றிக் கத்பர்ட்டின் நிலமாகவே எண்ணப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் தங்களைப் 'புனிதரின் மக்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த நிலத்தை ஆண்ட டர்ஹம் பிஷப்புக்கு ஒரு குறுநில மன்னருக்குரிய அதிகாரம் இருந்தது. அதன் கடைசி எச்சம் 1836இல்தான் நீங்கியது.

இந்த ஊர்ப்பற்று எவ்வளவு வலுவானது என்பதற்கு 1066 சான்று. நார்மன்கள் வந்த பிறகு ஆங்கிலேயரின் பழைய பெயர்கள் சில தலைமுறைகளுக்குள் பெரும்பாலும் மறைந்தன. வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி என்று ஆண்டவர்களின் பெயர்களைக் குடியானவர்களும் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். எட்வர்ட், எட்மண்ட் போன்ற சில, அரசப் புனிதர்களின் பெயர்கள் என்பதால் தப்பின. கத்பர்ட்டுக்கு அரச வம்சத்தின் துணை கிடையாது. ஆனாலும் தப்பியது, வடக்கில் தப்பியது. 1086இல் வில்லியம் மன்னர் நாட்டின் நிலத்தையெல்லாம் அளந்து பதிந்த 'டூம்ஸ்டே' ஏட்டில் டர்ஹமும் நார்தம்பர்லாண்டும் இல்லை. வென்றவர்களே அந்த மண்ணில் எச்சரிக்கையாகத்தான் கால் வைத்தார்கள். 1093இல் அவர்கள் அங்கே ஒரு பேராலயத்தைக் கட்டத் தொடங்கியதும் கத்பர்ட்டின் உடலை வைக்கத்தான். 1104இல் உடலைப் புதிய ஆலயத்துக்கு மாற்றியபோது பேழைக்குள் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு சிறு நூல் கிடைத்தது. செந்நிறத் தோல் அட்டையோடு, ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டுக் கட்டு அப்படியே குலையாமல் இருக்கும் யோவான் நற்செய்தி அது. பிரிட்டிஷ் நூலகம் 2012இல் 90 லட்சம் பவுண்டு கொடுத்து அதை வாங்கியது.

அடுத்த சோதனை மதச் சீர்திருத்தம். 1530களின் இறுதியில் எட்டாம் ஹென்றியின் ஆணையர்கள் டர்ஹமுக்கு வந்து கல்லறை மாடத்தை உடைத்தார்கள். சம்மட்டியோடு ஏறிய பொற்கொல்லர் எலும்பும் தூசியும்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார். இரண்டு வாரம் மழிக்காதது போன்ற தாடியோடு முழு உடல் கிடந்தது, சம்மட்டி அடியில் கால் எலும்பு முறிந்தது என்று 1593இல் எழுதப்பட்ட ஒரு டர்ஹம் நினைவேடு சொல்கிறது. அந்த ஏட்டை எழுதியவர் பழைய மதத்தின் மேல் பற்று கொண்டவர் என்பதை மனதில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். அப்போது டர்ஹமின் பிஷப் யார்? கத்பர்ட் டன்ஸ்டல். புனிதரின் மாடம் இடிந்த நாளில் அவர் பீடத்தில் அமர்ந்திருந்தவருக்கும் அவர் பெயர். புனிதர் வழிபாடு தடைப்பட்டது. விவிலியத்தில் இல்லாத பெயர்களைத் தூய்மைவாதிகள் வெறுத்தார்கள். நியாயமாக அப்போதே இந்தப் பெயர் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. காரணம் பக்தி மட்டும் இல்லை, ஒரு நடைமுறை. அன்றைய இங்கிலாந்தில் ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தை தன் பெயரையே குழந்தைக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். ஊரில் நாலு கத்பர்ட் இருந்தால், அவர்கள் கையில் ஏந்தும் பிள்ளைகளில் சிலராவது கத்பர்ட் ஆவார்கள். மாடத்தை உடைக்கலாம், வழிபாட்டைத் தடுக்கலாம். ஞானத்தந்தையின் பெயரைப் பறிக்க எந்த ஆணையராலும் முடியாது.

இப்படித்தான் அது சாதாரணர்களின் பெயராக இறங்கியது. தெற்கில் 'கத்பர்ட்' என்று ஒலிப்பதை வடக்கத்தி நாக்கு பழைய உகரம் மாறாமல் 'குத்பர்ட்' என்றே சொல்லும். அதைச் செல்லமாகச் சுருக்கினால் 'குடி'. தமிழ்க் காதில் வேறு பொருள் தந்தாலும் ஒலி அதுதான். ஃபார்ன் தீவுகளில் கூடு கட்டும் ஈடர் வாத்துக்கு அங்கே 'குடியின் வாத்து' என்று பெயர். அந்தப் பறவைகளைக் கொல்லக் கூடாது என்று கத்பர்ட் தடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. லிண்டிஸ்ஃபார்ன் கரையில் ஒதுங்கும், நடுவில் துளை உள்ள சின்னஞ்சிறு கல் வளையங்கள் 'குடியின் மணிகள்'. உண்மையில் அவை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கடல் உயிரிகளின் தண்டுத் துண்டுகள். அவற்றை நூலில் கோத்துச் செபமாலையாக உருட்டியிருக்கிறார்கள். 1805இல் டிராஃபல்கர் போரில் நெல்சன் இறந்ததும் கடற்படைக்குத் தலைமை ஏற்றவர் கத்பர்ட் காலிங்வுட். நியூகாஸில் வணிகர் ஒருவரின் மகன்; தந்தையின் பெயரும் கத்பர்ட். கப்பலில் மாலுமிகள் அவரை 'கிழட்டுக் குடி' என்றுதான் அழைத்தார்கள். 'ராயல் சாவரின்' கப்பலில் எல்லோருக்கும் முந்தி எதிரி அணியை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த மனிதருடைய பெயரில் கோழைத்தனத்தின் சாயல் எங்கே இருந்தது? நூற்றுச் சொச்சம் ஆண்டில் அதே பெயர் முயலுக்குப் போனது என்றால், இடையில் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

பெயர் வடக்குக்கு மட்டுமே சொந்தமா என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் சான்றும் இருக்கிறது. 1577இல் லான்ஸ்டனில் தூக்கிலிடப்பட்ட கத்தோலிக்கக் குரு கத்பர்ட் மெய்ன், தென்மேற்கே டெவனில் பிறந்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவோடு பிணைந்திருந்த கத்பர்ட் பர்பேஜ் லண்டன்காரர். சோமர்செட்டின் வெல்ஸ் நகரத்தில் கத்பர்ட் பெயரில் பெரிய கோயிலே உண்டு. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. புனிதர் புகழ்பெற்றவர், புகழ் தூரமும் போகும். ஆனால் தெற்கில் இந்தப் பெயர் அங்கங்கே தெறித்த துளி. வடக்கில் அது தாத்தனிடமிருந்து பேரனுக்கு, ஞானத்தந்தையிடமிருந்து ஞானமகனுக்கு என்று ஊற்றாக ஓடியது. அழைப்பதற்குச் செல்லப் பெயரும், பறவைக்கும் கல்லுக்கும் கொடுக்க உரிமையும் வடக்கில்தான் உருவாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் ஒரே சமயத்தில் வந்தன. ஒன்று, 1833இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய திருச்சபை மறுமலர்ச்சி. இடைக்காலப் புனிதர்களை அது மறுபடி மதிப்புக்குக் கொண்டுவந்தது. பாதிரிமார் வீடுகளிலும் படித்த மேல்தட்டு வீடுகளிலும் பழைய ஆங்கிலப் பெயர்கள் நாகரிகமாயின. கத்பர்ட் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது வளர்ச்சிதான், ஆனால் வைத்தவர்கள் மாறிவிட்டார்கள். 1853இல் வெளிவரத் தொடங்கிய 'வெர்டன்ட் கிரீன்' என்ற கல்லூரி நகைச்சுவை நாவலின் ஆசிரியர் எட்வர்ட் பிராட்லி, தான் படித்த டர்ஹமின் இரு புனிதர்களையும் இணைத்துக் 'கத்பர்ட் பீட்' என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார். பிரியமாகத்தான் செய்தார். ஆனால் கிடங்குக்காரரும் மீனவரும் தாங்கிய பெயர் இங்கே கற்றவர் அணியும் ஆபரணமாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று நிலக்கரி. டர்ஹம் கோட்டத்தின் மக்கள்தொகை 1801இல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். 1901இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ சுரங்க வேலைக்கு வந்து குடியேறியவர்கள் தங்கள் வீட்டுப் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். 'புனிதரின் மக்கள்' தங்கள் நிலத்திலேயே புதியவர்களோடு கலந்து கரைந்தார்கள். ஞானத்தந்தை பெயர் தரும் வழக்கமும் அதற்கு முன்பே தளர்ந்து, பெற்றோர் தாங்கள் விரும்பிய பெயரை வைக்கும் காலம் வந்திருந்தது. ஆக, பெயரைக் கடத்திவந்த வாய்க்கால் வடக்கில் தூர்ந்தது. தெற்கில் அதைத் தாங்கியது விருப்பம் ஒன்றுதான். விருப்பத்துக்கு ஆயுள் குறைவு.

1917க்கு இப்போது திரும்பலாம். சித்திரக்காரர் ஏன் இந்தப் பெயரை எடுத்தார்? வில்லியம் என்றோ ஜான் என்றோ அந்த முயலுக்குப் பெயர் வைத்திருந்தால் சித்திரம் எடுபட்டிருக்காது. பதுங்கு குழியில் கிடந்தவர்களில் பலர் வில்லியமும் ஜானும். வாசகர் காதில் விழுந்த உடனே வசதியான வீட்டுப் பிள்ளை என்று படும் பெயர்தான் அவருக்குத் தேவை. கத்பர்ட் அதற்குள் அப்படி ஒலிக்கத் தொடங்கியிருந்தது. கேலி அதைப் படைக்கவில்லை, இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டது. கேலியே போதும் என்பவர்களுக்கு என் கேள்வி ஒன்று உண்டு. சிப்பாய்க்கே 'டாமி' என்று பெயர் வைத்தார்கள். மறைந்திருந்து எட்டிப்பார்ப்பவனுக்கு டாம் என்று பெயர், கோமாளிக்கும் டாம். இத்தனை சுமந்தும் அவற்றின் முழுப் பெயரான தாமஸ் சாகவில்லை. எல்லாத் தெருவிலும் எல்லா வீட்டிலும் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் இருந்தார். எந்தக் கேலியும் அத்தனை பேர் மேலும் ஒட்டாது. பெயரின் ஒலி கரடு, அதனால்தான் போனது என்ற வாதமும் நிற்காது. முடிவில் அதே ஒலி கொண்ட ராபர்ட் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓங்கி நின்றது.

அண்மையில் இங்கிலாந்தில் கொள்ளுத்தாத்தா பெயர்கள் திரும்பி வருகின்றன. ஆர்தர் முதல் பத்துக்குள் வந்துவிட்டது, ஆல்பர்ட் முதல் நூறில் இருக்கிறது. கத்பர்ட் வரவில்லை. 2021இல் அந்தப் பெயர் நாடெங்கும் அடிபட்டது, கம்பளிப்பூச்சி வடிவ கேக் ஒன்றுக்காக: ஆல்டி கடை தன் கேக்குக்கு வைத்த பெயர் கத்பர்ட், தங்கள் கேக்கைப் பார்த்துச் செய்தது என்று மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் வழக்குப் போட்டது. ஆர்தரைக் கதைகளில் எல்லோரும் படித்திருக்கிறார்கள், ஆல்பர்ட்டை விக்டோரியா ராணியின் கணவராக அறிவார்கள். கத்பர்ட்டை அறிய அவருடைய ஊருக்குத்தான் போக வேண்டும். 1827இல் கல்லறையைத் திறந்தபோது எலும்புகளும், மார்பில் தரித்த பொன்னும் செம்மணியும் பதித்த சிறு சிலுவையும், தந்தச் சீப்பும் கிடைத்தன. எலும்புகளை மறுபடி அதே இடத்தில் மூடினார்கள். டர்ஹம் பேராலயத்தில் உயர்பீடத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் மாடம் நின்ற மேடையில், சாம்பல் நிறக் கற்பலகை ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கிறது. அதில் தேதி இல்லை, பட்டம் இல்லை. லத்தீனில் பெயர் மட்டும் வெட்டியிருக்கிறது: கத்பர்டுஸ்.