வெளிக்கடன் தீர்ந்த கதை: நம்ம பெண்களின் கடன் வரலாறு



மலருக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு கட்டுரை கேட்டார்கள். குழு தொடங்கின நாள், உறுப்பினர் எண்ணிக்கை, வாங்கின கடன் எல்லாம் தீர்மான நோட்டிலேயே இருக்கிறது. அதனால் நான் வேறு ஒரு வரலாறு எழுதுகிறேன். நம்ம வீடுகளுக்குள் கடன் எப்படி வந்தது, அதைத் தீர்க்க யார் யார் என்னென்ன செய்து பார்த்தார்கள், கடைசியில் எப்படித் தீர்ந்தது என்பதுதான் அது. நான் பத்தாவது வரை படித்தவள். எங்க குழுவில் ஏழு வருஷமாகக் கணக்கு நோட்டு எழுதுகிறேன். பயிற்சியில் கேட்டது, எங்க மாமியார் சொன்னது, நானே பட்டது மூன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வட்டிக்கு எத்தனை பேர்!

"அஞ்சு வட்டி" என்றால் நம்ம தருமபுரிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நூறு ரூபாய்க்கு மாசம் 5 ரூபாய். வருஷக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 60. பத்து வட்டி என்றால் நூற்றுக்கு 120. அதாவது வாங்கின பணத்தைவிட ஒரு வருஷத்து வட்டி அதிகம். தண்டல் என்பது இன்னொரு வகை. 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினமும் 100 ரூபாயாக நூறு நாள் கட்டணும். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொரு பேரையும் சொல்லித் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தில் பேர் போட்டு எழுதுகிற அளவுக்கு அது நம்ம வாழ்க்கையில் கலந்திருந்தது என்றுதான் இதைப் பார்க்கணும்.

பெரியவர்கள் செய்து பார்த்தது

இந்தப் பாடு இன்று நேற்று வந்தது இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே விவசாயிகள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். இதற்கு என்ன வழி என்று பார்க்க, அன்றைய சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் பொறுப்புக் கொடுத்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர், ஏழை விவசாயிகளை ஊர் ஊராகச் சேர்த்து ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பேற்கிற கடன் சங்கம் நடத்தியிருந்தார். அந்த மாதிரிதான் நமக்கும் வேணும் என்று நிக்கல்சன் அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே திருவள்ளூர் பக்கம் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் சங்கத்தில் கடன் கேட்டால் பட்டா கேட்பார்கள். பட்டா ஆம்பளைங்க பேரில் இருந்தது. நிலமே இல்லாத கூலிக்காரர் வீட்டில் அதுவும் இல்லை. நம்ம பாட்டிமார்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அரிசிப் பானையில் போட்ட காசும், குலுக்குச் சீட்டும்தான் அவர்களுக்குப் பேங்க்.

அரசாங்கம் கடனைக் குறைத்தும், ரத்து செய்தும் பார்த்திருக்கிறது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. பழைய வட்டிப் பாக்கியைக் குறைக்க அது வழி செய்தது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து, கொத்தடிமையாக வைத்திருந்தவர்களின் கடன் செல்லாது என்று ஆக்கியது. எத்தனையோ குடும்பம் அதனால் மீண்டது.

ஆனால் ஒன்றை நாம் பார்க்கணும். கடன் ரத்தான மறு மாசமே பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஓலைக் கூரை ஒழுகும், நாத்தனாருக்குச் சீர் செய்யணும். அப்போ எந்த வாசலுக்குப் போவது? பழைய வட்டிக்காரர் வாசல்தான். கடனைத் தீர்ப்பது ஒரு வேலை. அடுத்த அவசரத்துக்குப் போய் நிற்க நமக்குன்னு ஒரு இடம் வேணும் என்பது இன்னொரு வேலை. முதல் வேலையைச் சட்டம் செய்தது. இரண்டாவது வேலையைச் செய்யத்தான் குழு வந்தது.

நம்ம மாவட்டத்தில் தொடங்கியது

இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அரசு மூலமாக மகளிர் சுய உதவிக் குழு தொடங்கியது நம்ம தருமபுரி மாவட்டத்தில், 1989-இல். அப்போ கிருஷ்ணகிரியும் நம்மோடு ஒரே மாவட்டம். மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் உதவி செய்தது. இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று பரவியது. 1992-இல் நபார்டு வங்கி, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சோதனை தொடங்கியது. பட்டா இல்லை, நகை இல்லை, ஜாமீன் இல்லை. ஒழுங்காகக் கூட்டம் போடுகிறார்களா, சேமிக்கிறார்களா, நோட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கடன் கொடுப்பது. 1997-98-இல் மகளிர் திட்டம் என்ற பேரில் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது.

எங்க மாமியார் அந்தத் தொண்ணூறுகளில் குழுவில் சேர்ந்தவர். 16 பேர். ஆளுக்கு மாசம் 20 ரூபாய். மாசம் சேர்ந்தால் 320 ரூபாய். "இந்தக் காசை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போறீங்க?" என்று ஊரில் சிரித்தார்களாம்.

அப்போ எங்க வீட்டில் 8,000 ரூபாய் கடன். கிணறு ஆழப்படுத்த மாமனார் அஞ்சு வட்டிக்கு வாங்கினது. தண்ணி வரவில்லை, வட்டி மட்டும் நிற்காமல் வந்தது. மாசம் 400. மூன்று வருஷத்தில் வட்டியாக மட்டும் 14,400 கட்டியிருந்தார்கள். அசல் 8,000 அப்படியே நின்றது. கடன் கொடுத்தவர் எதுவும் எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். பயமே அந்தக் காகிதம்தான். அதில் என்ன தொகை வேணுமானாலும் எழுதிக்கொள்ளலாமே.

குழுவுக்கு முதல் பேங்க் கடன் வந்தபோது, பாதிப் பேர் கறவை மாடு வாங்கலாம் என்றார்கள். மாமியார் பேசவில்லை. பக்கத்தில் இருந்த அக்காதான், "மாட்டுப் பாலை வித்து வட்டிக்காரனுக்கா ஊத்தப் போறோம்? மொதல்ல அந்தக் காகிதத்த வாங்குவோம்" என்று சொன்னாராம். அன்றைக்குத் தீர்மானம் போட்டார்கள். யாருக்கு அஞ்சு வட்டி ஓடுகிறதோ அவர்களுக்கு முதலில் கடன். மாடு அப்புறம்.

குழுவில் ரெண்டு வட்டி. கணக்கைப் பாருங்கள். 8,000 கடனுக்கு மாசம் 400 அசல், அதோடு மிச்சமுள்ள தொகைக்கு வட்டி. முதல் மாசம் 560 கட்டினார். இருபதாவது மாசம் 408 கட்டிக் கடன் முடிந்தது. மொத்த வட்டி 1,680. அதே இருபது மாசம் வெளியில் வட்டி கட்டியிருந்தால் 8,000 போயிருக்கும், அசல் 8,000 அப்படியே இருந்திருக்கும். அந்த 1,680-லும் பேங்குக்குப் போனது போக மீதி குழுவிலேயே தங்கியது. அது 16 பேருக்கும் சொந்தம்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க மாமியார் தனியாகப் போகவில்லை. பன்னிரண்டு பொம்பளைங்க சேர்ந்து போய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "புரோநோட்டைக் கொடுங்க சாமி, போறோம்" என்று கேட்டார்கள். தேடணும், நாளைக்கு வா என்றார் அவர். "தேடுங்க, இருக்கோம்" என்று சொல்லி எழுந்திருக்கவே இல்லை. பொழுது சாய்கிற நேரம் காகிதம் கைக்கு வந்தது. மாமியார் அதை வீட்டு அடுப்பில் போட்டார். இதை இன்றைக்கும் சொல்லும்போது அவருக்குக் குரல் மாறும். பணம் குழு கொடுத்தது. தைரியத்தையும் குழுதான் கொடுத்தது.

எங்க காலத்துக் கடன்

எங்க தலைமுறையில் கடன் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வருகிறது. வாரக் கடன். அவர்களும் "குழு" என்றுதான் சொல்கிறார்கள். அதனால் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். வித்தியாசம் இதுதான். நம்ம குழுவில் முதலில் சேமிப்பு, பிறகு கடன். அங்கே முதல் நாளே கடன், சேமிப்பு என்ற பேச்சே கிடையாது. நம்ம குழுவில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் என்ன செய்யலாம் என்று பேசுவோம். அங்கே அவள் கட்டுகிறவரை மற்றவர்களை எழுந்து போகவிடாமல் உட்கார வைப்பார்கள். உதவியாக இருக்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரியே வசூல்காரி ஆகிவிடுகிறாள்.

என் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. 2019-இல் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகை 30,000-க்கு அடமானம் போனது. அஞ்சு வட்டிக்கு 20,000, வாரக் கடனில் 18,000 பாக்கி. அவர் எழுந்து நடக்கும்போது 2020 ஊரடங்கு. தவணையை ஆகஸ்ட் வரை தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் எங்க ஊக்குநர் ஒரு கூட்டம் போட்டார். "ஒவ்வொருத்தரும் வெளியே என்ன கடன் இருக்குன்னு சொல்லணும். யாரும் யாரையும் கேலி பேசக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. குழுவிலேயே வசதியானவர் என்று நாங்கள் நினைத்திருந்த அக்கா முதலில் சொன்னார், அவருக்குத்தான் எங்களைவிட அதிகம். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னோம். 14 பேரில் 11 பேருக்கு வெளிக்கடன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, வட்டி அதிகமான கடனிலிருந்து வரிசைப்படுத்தினோம். அஞ்சு வட்டி முதலில், வாரக் கடன் அடுத்து, நகைக் கடன் கடைசி.

கூட்டமைப்பிலிருந்து எங்க குழுவுக்குக் கிடைத்த கடனில் எனக்கு 20,000 ஒதுக்கினார்கள். ஒரு வட்டி. அதுவரைக்கும் வட்டி மட்டுமே மாசம் 1,000 கட்டிக்கொண்டிருந்தேன். இப்போ அசலும் வட்டியுமாக 1,200-இல் தொடங்கி, மாசா மாசம் 10 ரூபாய் குறைந்து, இருபது மாசத்தில் முடிந்தது. நடுவில் ஒரு மாசம் கையில் ஒன்றுமில்லை. அப்போ புளி தட்டுகிற காலம். ரெண்டு அக்காமார் தங்கள் பங்கு புளி மூட்டையை என்னிடம் விட்டு, "நீ கொட்டை எடு, கூலி உனக்கு" என்றார்கள். அதில்தான் அந்த மாசத் தவணை. வாரக் கடனும் தீர்ந்தது. நகை போன வருஷம் வீட்டுக்கு வந்தது.

இனி செய்ய வேண்டியது

கடன் கட்டச் சொல்லி மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் நம்ம சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டு வந்திருக்கிறது. இது நமக்குத் தெரிந்திருக்கணும். வீட்டு வாசலில் வந்து அசிங்கமாகப் பேசினால் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. வாங்கின கடனைக் கட்டத்தான் வேணும், அவமானப்பட வேண்டியதில்லை. போலீஸில் புகார் கொடுக்கப் போனாலும் தனியாகப் போகாதீங்க, குழுவாகப் போங்க.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். சேமிப்பு, கடன், வட்டி என்று நோட்டில் கலம் போடுகிறோம். எங்க குழுவில் "வெளிக்கடன்" என்று இன்னொரு கலம் போட்டிருக்கிறோம். மாசம் ஒரு தடவை அதை வாசிக்கிறோம். எல்லாக் குழுவிலும் இந்தக் கலத்தைச் சேர்க்கணும். மறைத்து வைத்த கடனுக்கு யாரும் உதவி செய்ய முடியாது. எழுதி வைத்த கடனுக்குத்தான் பதினாலு பேர் யோசனை சொல்ல முடியும்.

11 பேர் இருந்த எங்க கலத்தில் இப்போ மூன்று பேர்தான் பாக்கி. அடுத்த கடன் அந்த மூன்று பேருக்குத்தான் என்று தீர்மானம் போட்டாகிவிட்டது.