ஐக்கிய நாடுகள் ஊழியரின் ஓய்வூதிய நிதி

1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், ஜினீவா நகரில், சர்வதேச சங்கம் தன் கடைசிக் கூட்டத்தை முடித்துக்கொண்டது. முதல் உலகப் போருக்குப் பின் பெரும் நம்பிக்கையோடு தோன்றிய அச்சங்கம், இரண்டாம் போரைத் தடுக்க மாட்டாது, ஐக்கிய நாடுகள் சபைக்கு இடம் விட்டுத் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. மாளிகையும் நூல் நிலையமும் ஆவணங்களும் புதிய சபையின் கைக்கு மாறின. இவற்றை வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்லும். ஊழியர்களின் ஓய்வூதிய நிதி மட்டும் அவ்வழியே செல்லாமல், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது என்ற செய்தியை மிகச் சில நூல்களே கூறுகின்றன. சங்கம் மறைந்தது, சங்கத்துக்கு உழைத்து முதுமை எய்தியவர்கள் மறையவில்லை. அவர்களுக்கு மாதந்தோறும் பணம் போய்ச் சேர வேண்டியிருந்தது.

இந்நிதியைப் பற்றியும், பின்னர் ஐக்கிய நாடுகள் சபை அமைத்துக்கொண்ட நிதியைப் பற்றியும் இன்று மாணவர்களுக்குச் சில செய்திகள் கூற விரும்புகிறேன். ஓய்வூதியம் முதியோர் பேச்சு, இளைஞர்க்கு இதில் என்ன என்று கேட்கலாம். பிறர் பணத்தை ஒருவர் வைத்திருக்கும்போது அவரைக் கண்காணிப்பவர் யார் என்பது வயதைப் பொறுத்த கேள்வியன்று. அரசியல் நூல் பயில்வோர் அனைவருக்கும் அது முதற் கேள்வி.

ஓர் அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் அவர் தம் நாட்டு நீதிமன்றத்தை நாடலாம். கம்பெனி ஊழியருக்கும் நாட்டுச் சட்டம் துணை நிற்கும். அனைத்துலக ஊழியரின் நிலை வேறு. எந்த அரசாங்கத்திடமிருந்தும் அவர் கட்டளை பெறலாகாது என்று ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 100-ஆம் விதி கூறுகிறது. அவர் பணியாற்றும் சபையின் மீது எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர இயலாதபடி 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கை அதற்குக் காப்பு அளித்துள்ளது. சபை சுதந்திரமாக இயங்க இக்காப்பு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சபையே தவறினால் ஊழியர் எந்தக் கதவைத் தட்டுவது? வெளியே நீதி இல்லாத இடத்தில் உள்ளேயே நீதியை அமைத்தாக வேண்டும்.

சர்வதேச சங்கம் இதனை உணர்ந்தே இருந்தது. முதலில் சேமநிதி ஒன்றை ஏற்படுத்தியது; 1931 முதல் முறையான ஓய்வூதிய நிதியை நடத்தியது. ஊழியர் வழக்குகளைத் தீர்க்க நிர்வாக நீதிமன்றம் ஒன்றும் இருந்தது. பின்னர்ப் போர் வந்தது. அலுவலகம் சிதறியது, பொருளாதாரப் பிரிவு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகருக்கும், தொழிலாளர் ஸ்தாபனம் கானடாவின் மாண்ட்ரீல் நகருக்கும் சென்றன. செலவைக் குறைக்க 1939 டிசம்பரில் சங்கத்தின் சபை ஒரு முடிவு செய்தது: வேலை நீக்கத்துக்கு ஆறு மாத அறிவிப்பு என்றிருந்ததை ஒரு மாதமாகக் குறைத்தது, ஈட்டுத் தொகையைப் பற்றிய விதிகளையும் மாற்றியது. பழைய ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்றது.

வேலை இழந்தோரில் சிலர் வழக்காடினர். 1946 பிப்ரவரியில் நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தால் பெற்ற உரிமையை ஒருதலையாகப் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அடுத்து நடந்ததுதான் வியப்பு. ஏப்ரலில் கூடிய கடைசிச் சபை, தன் முடிவை ஆராய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, அத்தீர்ப்பை நிறைவேற்ற மறுத்துவிட்டது. ஓய்வூதிய நிதியை அக்கறையோடு வேறிடம் சேர்த்த அதே கூட்டம் இதையும் செய்தது! உலகுக்குச் சட்டத்தின் ஆட்சியைப் போதித்த ஒரு சபை, தன் மரணப் படுக்கையில் தன் நீதிமன்றத்தின் சொல்லைக் கேளாது போயிற்று என்பது என் கருத்து. பணமுடை உண்மைதான், எனினும் பணமுடை தீர்ப்புக்கு விடையாகாது.

இவ்வினா மீண்டும் எழுந்தது. 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்க செனட் சபைக் குழுவின் கேள்விகளுக்கு விடை கூற மறுத்தமைக்காக ஐக்கிய நாடுகள் சபையின் அமெரிக்க ஊழியர் பலர் விலக்கப்பட்டனர். சபையின் நிர்வாக நீதிமன்றம் அவர்களுள் 11 பேருக்கு ஈட்டுத் தொகை வழங்கியது. மொத்தம் ஏறத்தாழ 1,80,000 டாலர்தான். அதைக் கொடுக்கலாமா என்று பொதுச் சபை தடுமாறி, ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 1954 ஜூலை 13-ஆம் நாள், நீதிபதிகளில் ஒன்பதின்மர் ஒரு பக்கமும் மூவர் மறு பக்கமுமாக நின்று, தீர்ப்பை நிறைவேற்ற மறுக்கும் உரிமை பொதுச் சபைக்கு இல்லை என்றது நீதிமன்றம். 1946-இல் நிகழ்ந்தது விசேஷ நிலைமையில் நிகழ்ந்தது, அதனை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்றும் விளக்கிற்று. ஓய்வூதியத்துக்கும் இத்தீர்ப்பு மறைமுகமான கோட்டை ஆயிற்று எனலாம். ஏனெனில் ஓய்வூதிய வழக்குகளும் அத்தகைய மன்றத்துக்கே சென்றன.

இனி ஐக்கிய நாடுகள் சபையின் நிதிக்கு வருவோம். 1948 டிசம்பர் 7-ஆம் நாள் பொதுச் சபை இதற்கான விதிகளை ஏற்றது. 1949 ஜனவரி 23 முதல் நிதி நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார ஸ்தாபனம், உணவு விவசாய ஸ்தாபனம் முதலிய அமைப்புகளும் சில ஆண்டுகளில் இதில் சேர்ந்தன. இன்று இருபதுக்கு மேற்பட்ட அமைப்புகள் உறுப்பாக உள்ளன. ஊழியர் தம் கணக்குக்குரிய ஊதியத்தில் 100-க்கு 7.9 பங்கும், அமைப்பு அதற்கு இரு மடங்காகிய 15.8 பங்கும் செலுத்துகின்றன. 2023-ஆம் ஆண்டின் முடிவில் நிதியின் மதிப்பு 8,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

நிதியை மேற்பார்வையிடும் குழுவின் அமைப்பு அறிவோடு செய்யப்பட்டது. பணம் தரும் அரசாங்கங்களின் பிரதிநிதிகள் ஒரு பங்கு. நிர்வாகத் தலைவர்கள் அமர்த்துவோர் ஒரு பங்கு. ஊழியர் தாமே தேர்ந்தெடுப்போர் ஒரு பங்கு. எவரும் தனியே முடிவு செய்துவிட முடியாது. நிதியின் சொத்து சபையின் சொத்தன்று. அது ஊழியருக்காகத் தனியே வைத்துக் காக்கப்படுவது என்றும் விதியில் எழுதினர். சபைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாத ஆண்டுகள் பல வந்துள்ளன; அப்போதும் இப்பெட்டியில் கை வைக்க வழியில்லை.

ஆனால் முதலீடு செய்யும் பொறுப்பு இக்குழுவிடம் இல்லை. அது பொதுச் செயலாளரிடம் உள்ளது. முதலீட்டு அறிஞர் குழு ஒன்றின் யோசனையோடு அவர் அதனைச் செய்கிறார். நம்மவர் தருமகர்த்தா என்று சொல்லும் பதவியைப் போன்றது அது. ஆளலாம், அனுபவிக்கக் கூடாது. பணத்தைப் பெருக்குவோர் ஒரு பக்கம், பங்கிடுவோர் ஒரு பக்கம் என்ற இப்பிரிவினை நல்லதா? ஒருவர் தவறை மற்றவர் காணலாம் என்பது நன்மை. தவறு நேர்ந்தால் ஒருவரை ஒருவர் சுட்டலாம் என்பது தீமை. இரண்டுமே நடந்திருக்கின்றன.

நிதிக்கு வந்த பெருஞ்சோதனை 1970-களில் வந்தது. 1971-இல் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. ஓய்வூதியமோ டாலரில் கணக்கிடப்பட்டது. 1970-இல் ஒரு டாலருக்குச் சுவிட்சர்லாந்தில் 4.30 பிராங்கு அளவில் கிடைத்தது. 1978-இன் இலையுதிர் காலத்தில் இரண்டு பிராங்குகூடக் கிடைக்கவில்லை. ஜினீவாவில் வாழ்ந்த முதியவர் ஒருவருக்கு 1,000 டாலர் வந்துகொண்டேயிருந்தது. அதைக் கொண்டு வாங்கும் ரொட்டியும் வீட்டு வாடகையும் பாதிக்கும் கீழே சுருங்கின. ஆகவே, 1981 முதல் இரு தடங்களில் கணக்கிடும் முறை வந்தது. ஓய்வூதியத்தை டாலரிலும் கணக்கிடுவர். ஓய்வு பெற்றவர் விரும்பினால் அவர் வாழும் நாட்டு நாணயத்திலும் தனியே கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் கொடுப்பர். இதற்கான செலவும் பிற சலுகைகளும் சேர்ந்து நிதியில் பற்றாக்குறை தோன்றவே, 100-க்கு 21 பங்காக இருந்த மொத்தச் சந்தா படிப்படியாக ஏறி 1990-இல் 23.7 ஆயிற்று.

அதே 1981-இல் மற்றொன்றும் நடைமுறைக்கு வந்தது. சோவியத் யூனியன், உக்ரேன், பைலோரஷ்யா ஆகியவற்றின் அரசாங்கங்களோடு நிதி ஒப்பந்தங்கள் செய்தது. அந்நாடுகளின் ஊழியர் பணி முடிந்து திரும்பும்போது, அவர்களுடைய ஓய்வூதிய உரிமையின் மதிப்பை மாஸ்கோவிலிருந்த சமூகப் பாதுகாப்பு நிதிக்கு மாற்றிவிடலாம் என்பது ஏற்பாடு. காகிதத்தில் அது அவரவர் விருப்பம். அத்தகைய ஆட்சியின் கீழ் விருப்பம் என்பதற்கு என்ன பொருள் என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. ரூபிளின் மதிப்பு கரைந்தது. உலகச் சபைக்குப் பல்லாண்டு உழைத்தவர்கள் சிறு தொகையோடு நின்றனர். பணத்தை உரிய முறையில் கொடுத்தாயிற்று, எங்கள் கடன் தீர்ந்தது என்றது நிதி. சட்டத்தின்படி அது சரியான விடையே. ஆயினும் 1990-கள் முழுவதும் இவ்விஷயம் குழுவிலும் பொதுச் சபையிலும் திரும்பத் திரும்ப எழுந்தது. சர்வதேச சங்கத்தின் முதியவர்களுக்கு வேறொரு ஸ்தாபனம் கை கொடுத்தது. இவர்களுக்குக் கை கொடுக்க எவரும் வரவில்லை.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்கிறேன். 2015-இல் புதிய கணிப்பொறி முறைக்கு மாறியபோது, புதிதாக ஓய்வு பெற்றோரும் கைம்பெண்களும் முதல் தொகைக்காகப் பல மாதம் காத்திருந்தனர். எழுந்த கூக்குரல் நிர்வாக அமைப்பையே ஆராயச் செய்தது. 2018-இல் சபையின் உள் தணிக்கை அலுவலகம் ஒரு குறையைச் சுட்டிற்று: நிதியின் தலைமை நிர்வாகியே, அவரை மேற்பார்வையிடும் குழுவுக்கும் செயலாளராக இருந்தார். கண்காணிக்கப்படுபவர் கண்காணிப்போரின் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் விந்தை அது. பொதுச் சபை அவ்வாண்டு இறுதியில் இரு பதவிகளையும் பிரித்தது. 2020 முதல் பிரிவினை அமலாயிற்று.

குழுவின் பங்கீடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. அப்போது இருந்த 33 இடங்களில் ஐக்கிய நாடுகள் சபைக்கு 12 இடங்களே இருந்தன. சந்தா செலுத்தும் ஊழியரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அச்சபையைச் சேர்ந்தவர்கள். சிறு அமைப்புகளோ தம் குரல் நசுங்கிவிடும் என்று அஞ்சின. ஓய்வூதியம் பெறுவோர் 80,000-க்கு மேற்பட்டவர்; அவர்களின் பிரதிநிதிகள் நெடுங்காலமாகக் குழுவில் அமர்ந்து பேசி வந்தனர், வாக்கு மட்டும் அவர்களுக்கு இல்லை.