அரை இன்ச்சுக்கு இரண்டு மரை

தோட்டின் திருகாணி தொலைந்துபோன வீட்டைப் பார்த்திருப்பீர்கள். தோடு இருக்கும், ஆனால் போட்டுக்கொள்ள முடியாது. வேறொரு ஜோடியின் திருகாணியை எடுத்துப் பார்த்தால் ஒன்று நுழையாது, நுழைந்தால் நிற்காது. கடைசியில் பத்தரிடம்தான் போக வேண்டும். அவர் அந்தத் தண்டைப் பார்த்து, அதற்கென்றே ஒன்று செய்து தருவார். 1840 வரைக்கும் உலகத்தில் இருந்த போல்ட்டும் நட்டும் கிட்டத்தட்ட இந்தக் கதியில்தான் இருந்தன. ஒரு பட்டறையில் செய்த நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

சுருளாக ஓடும் அந்த வரிக்கு நம் ஊரில் மரை என்று பெயர். புத்தி பிசகியவனை ‘மரை கழண்டவன்’ என்கிறோமே, அதே மரை. அதன் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு கசிவு.

கேரவன் என்றால் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான். என் நண்பன் ஒருவன் பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடு மாதிரி மாற்றியிருந்தான். அதில் இருந்த கீசர் அமெரிக்க கேரவன் ஒன்றிலிருந்து கழற்றியது. கை மாறி கை மாறி அவனிடம் வந்தது. டிசம்பரில் ஜவ்வாது மலைக்குப் போனோம். ஜமுனாமரத்தூர் தாண்டி வண்டியை நிறுத்தி, காலையில் கீசரைப் போட்டால், சுடுதண்ணீர் வெளியே வரும் இணைப்பில் சொட்டுகிறது. ஆறினால் நிற்கிறது. சூடானால் மறுபடி சொட்டுகிறது. கீழே பிளைவுட் தரை, அதற்கடியில் பேட்டரி வயர்கள். ஒரு வாரம் விட்டால் தரையே ஊறிப் பெயர்ந்துவிடும்.

ஊரிலிருந்து ஒரு பிளம்பர் அண்ணன் வந்தார். நிப்பிளைக் கழற்றி, பழைய டெஃப்லான் டேப்பைச் சுரண்டி எடுத்து, புது டேப் சுற்றி இறுக்கினார். சொட்டு குறைந்தது, நிற்கவில்லை. மறுபடி கழற்றி, இந்த முறை டேப் இல்லாமல் வெறும் கையால் ஏற்றிப் பார்த்தார். பாதி தூரம் போனதும் நிறுத்தி, லேசாக ஆட்டினார். “சார், இது ஏறுது, ஆனா உட்காரல. இது நம்ம மரை இல்ல” என்றார்.

‘நம்ம மரை’ என்று அவர் சொன்னதை முதன்முதலில் வகுத்தவர் ஜோசப் விட்வொர்த் என்கிற ஆங்கிலேயர். 1803இல் பிறந்தவர். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்தார். பிறகு ஜோசப் கிளெமென்ட்டின் பட்டறை. சார்லஸ் பாபேஜின் டிஃபரன்ஸ் எஞ்சினுக்குப் பாகங்கள் செய்த பட்டறை அது. கம்ப்யூட்டரின் முன்னோடி என்று எங்கள் காலேஜ் புத்தகங்களின் முதல் பாடத்திலேயே வருமே, அந்த மெஷின். அப்புறம் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை போட்டார். 1841இல் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். எல்லோரும் ஒரே மாதிரி மரை போட்டால் என்ன என்பதுதான் விஷயம்.

அதற்கு அவர் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. சிறந்த மரை எது என்று கணக்குப் போட்டு நிரூபிக்கவில்லை. பிரிட்டனின் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைச் சேகரித்தார், அளந்தார், சராசரி எடுத்தார். மரையின் பக்கங்களுக்கு இடையே உள்ள கோணம் 55 டிகிரி என்று வந்தது. உச்சியும் பள்ளமும் உருண்டையாக இருக்க வேண்டும் என்றும் வைத்தார். 55 என்ற எண்ணுக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. யாரும் தன் பழக்கத்தை ரொம்ப மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் அதன் பலம். ரயில்வே கம்பெனிகள் எடுத்துக்கொண்டன, பின்னாலேயே மற்ற தொழிற்சாலைகளும் வந்தன.

ரயிலோடு அது இங்கேயும் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை பிறகு காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ஜவ்வாது மலையின் வடக்கு ஓரத்தை ஒட்டியே போகிறது. பிரிட்டிஷ் எஞ்சின், பிரிட்டிஷ் பாலம், பிரிட்டிஷ் பம்பு. அதையெல்லாம் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்ட கைகளுக்கு விட்வொர்த்தின் மரைதான் மரை.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1864இல் வில்லியம் செல்லர்ஸ் என்கிற பிலடெல்ஃபியா தொழிலதிபர், அங்குள்ள ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் தன் மரையை முன்வைத்தார். கோணம் 60 டிகிரி, உச்சியும் பள்ளமும் தட்டை. விட்வொர்த்தின் உருண்டையைச் சரியாக வெட்ட கைதேர்ந்த ஆளும் பல கருவிகளும் வேண்டும். 60 டிகிரி என்பது சமபக்க முக்கோணம், சாதாரண மெக்கானிக்கே வெட்டிவிடலாம் என்பது அவர் வாதம். குழாய்களுக்கான அமெரிக்க மரையை வகுத்தவர் ராபர்ட் பிரிக்ஸ். 1880களில் அது அங்கே தரநிலையானது. அதற்கும் 60 டிகிரிதான்.

இப்போது அந்த நிப்பிளுக்கு வருவோம். அரை இன்ச் குழாயை ஸ்கேல் வைத்து அளந்தால் எந்தப் பக்கமும் அரை இன்ச் வராது. வெளிவிட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். பழைய கேஸ் குழாய்களின் உள்விட்டத்துக்கு வைத்த பெயர் அது. குழாயின் சுவர் மெலிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் அரை இன்ச்சுக்கு ஒரு இன்ச் நீளத்தில் 14 மரை. அமெரிக்க அரை இன்ச்சுக்கும் 14. இரண்டும் 16க்கு 1 என்ற விகிதத்தில் கூம்பும். விட்டத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் ஒன்றுக்குள் ஒன்று சந்தேகமே வராமல் ஏறிவிடும். ஒரு இன்ச் குழாயாக இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்: அங்கே பிரிட்டிஷ் 11, அமெரிக்க பதினொன்றரை, சில சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும்.

கூம்பு மரையில் தண்ணீரைத் தடுப்பது வாஷர் இல்லை, உலோகம் உலோகத்தின் மேல் முழுப் பக்கமும் அழுந்துவதுதான். டேப் மிச்ச இடுக்கை நிரப்பும், அவ்வளவே. 55 டிகிரி மரை 60 டிகிரிப் பள்ளத்தில் உட்கார்ந்தால் பக்கம் முழுக்க அழுந்தாது. ஒரு கோட்டில் மட்டும் தொடும். மிச்சமெல்லாம் சுருளாக ஓடும் ஒரு சந்து. தண்ணீர் அந்தச் சுருள் படிக்கட்டில் ஏறி வெளியே வந்துவிடும். சூடானால் மட்டும் ஏன் சொட்டியது? 20 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் விரிகிறது. மூடிய தொட்டிக்குள் அது அழுத்தமாக மாறும். தொட்டி அலுமினியம், நிப்பிள் இரும்பு. அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். சந்து இன்னும் அகலமாகிறது. ரிஞ்சைப் போட்டு முரட்டுத்தனமாக இறுக்கியிருந்தால் அலுமினிய மரை பிய்ந்து, தொட்டியே போயிருக்கும்.

இந்த இரண்டு மரைச் சண்டைக்குப் பெரிய விலை கொடுத்தது இரண்டாம் உலகப் போரில். ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி தயாரித்தபோது, பிரிட்டிஷ் மரைகளை அப்படியே போட்டாக வேண்டியிருந்தது. அதற்கான கருவிகளை முதலிலிருந்து செய்தார்கள். நேச நாடுகள்தான், ஆனால் ஒருவரின் உதிரிப் பாகம் இன்னொருவருக்கு ஆகாது. போர் முடிந்து, 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. கோணம் 60 டிகிரி. இன்றைய மெட்ரிக் போல்ட்டுகளுக்கும் அதே 60தான். போல்ட்டில் செல்லர்ஸ் ஜெயித்துவிட்டார்.

குழாயில் நடந்தது நேரெதிர். சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 7, விட்வொர்த்தின் 55 டிகிரிக் குழாய் மரையை அப்படியே வைத்துக்கொண்டது. மெட்ரிக்கில் ஊறிய ஜெர்மனியிலும் குழாய்க்கு அதுதான். இந்தியா 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறியது. படி, வீசை, சேர் எல்லாம் போயின. ஆனால் நம் குழாய் மரைக்கான ஐஎஸ் 554 அதே 55 டிகிரிதான். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்த நாட்டிலேயே உருவானது, மீட்டரில் அளப்பது. அடிவாரக் கடையில் எல்போ கேட்டால் இன்றைக்கும் அரை இன்ச்தான்.

ஏன் இப்படி என்று யோசித்தால் எனக்குத் தெரியும் காரணம் ஒன்றுதான். போல்ட் வெளியே இருக்கிறது. பழைய மெஷின் தேய்ந்தால் அதோடு அதன் போல்ட்டும் காயலான் கடைக்குப் போய்விடும். குழாய் சுவருக்குள் இருக்கிறது, தெருவுக்கடியில் இருக்கிறது. புதிதாகப் போடும் ஒவ்வொரு குழாயும் ஏற்கெனவே புதைந்திருக்கும் ஒன்றோடு சேர்ந்தாக வேண்டும். பழைய கோடை மாற்றவும் முடியாமல் விடவும் முடியாமல், அதற்கு மேலேயே கட்டிக்கொண்டு போகும் எங்கள் ஆபீஸ் கதையும் இதேதான். எது சிறந்தது என்பதை விட, எது ஏற்கெனவே சுவருக்குள் போய்விட்டது என்பதுதான் முடிவு செய்கிறது.

மறுநாள் மலையிறங்கித் திருப்பத்தூர் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். மலையில் கேட்ட ‘நம்ம மரை இல்ல’ என்ற வார்த்தையோடு, பழைய நிப்பிளையும் கீசரின் அளவையும் கொடுத்தோம். வயதானவர். மரை அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒரு பக்கம் அறுபது, ஒரு பக்கம் அம்பத்தஞ்சு. அதான தம்பி?” என்றார். மெட்ரிக் போல்ட்டுக்கு வைத்திருந்த 60 டிகிரி டூலே போதும். இன்ச்சுக்கு 14 மரை என்பது லேத்தில் ஏற்கெனவே இருக்கும் கியர். பித்தளைக் கம்பியை மாட்டினார், அது அலுமினியத்தோடு ஓரளவு ஒத்து விரியும். ஒரு முனையில் அமெரிக்க மரை, மறுமுனையில் நம் மரை. விரல் நீளத்துக்கு ஒரு நிப்பிள். அன்று சாயங்காலம் வேனில் மாட்டிச் சூடேற்றினோம். இணைப்புக்குக் கீழே விரித்த செய்தித்தாள் காலை வரை காய்ந்தே இருந்தது.

இப்போது இறக்குமதிக் காபி மெஷின், வாட்டர் ஃபில்டர், கேரவன் சாமான் என்று அமெரிக்க மரை நம் வீடுகளுக்குள் நிறைய வருகிறது. டப்பாவில் வெறும் ‘அரை இன்ச்’ என்றுதான் போட்டிருக்கும். அதைச் சரியாக மாற்றிக்கொடுக்கும் அடாப்டர் கடையிலேயே கிடைக்கிறது, கேட்கத் தெரிய வேண்டும். தரநிலைகள் புத்தகத்தில் நம்பரோடு இருக்கின்றன. அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காத ஒருவர், டேப் சுற்றாத நிப்பிளை விரலால் ஏற்றி, ஆட்டி, ஐந்து டிகிரி வித்தியாசத்தைச் சொன்னார். உங்கள் வீட்டு இணைப்பு எத்தனை டேப் சுற்றினாலும் சொட்டினால், இறுக்குவதை நிறுத்திவிட்டு அவர் செய்ததைச் செய்யுங்கள். டேப்பை எடுத்துவிட்டு, வெறும் கையால் ஏற்றி, ஆடுகிறதா என்று பாருங்கள்.