ஒரு சொல்லைக் காத்தவர்கள்: அமெரிக்க இயற்கை வேளாண்மைச் சட்டத்தின் கதை

கடையில் ஒரு பொட்டலத்தின் மேல் "ஆர்கானிக்" என்று எழுதியிருந்தால் நாம் நம்பி வாங்குகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை முடிவு செய்வது யார்? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு விடை காண விவசாயிகளும் நுகர்வோர் அமைப்புகளும் பல ஆண்டுகள் அரசோடு வாதாட வேண்டியிருந்தது.

1973-ல் கலிபோர்னியாவின் இயற்கை விவசாயிகள் சிலர் ஒன்றுகூடி, தாங்களே விதிகள் வகுத்துச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினர். அப்போது மத்திய அரசு இவர்களைப் பொருட்படுத்தவில்லை. 1980-ல் வேளாண் துறை முதன்முறையாக இயற்கை வேளாண்மையை ஆராய்ந்து, அதற்கு ஆதரவாக ஓர் அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டே ரீகன் ஆட்சிக்கு வந்தார். இதற்கென இருந்த ஒருங்கிணைப்பாளர் பதவி 1982-ல் நீக்கப்பட்டது.

ஆனாலும் அமைப்புகள் சோர்ந்துவிடவில்லை. சுற்றுச்சூழல் குழுக்களுடன் கைகோர்த்து 1985 வேளாண் சட்டத்தில் முக்கியமான ஒரு விதியைக் கொண்டுவந்தன. எளிதில் மண் அரிக்கும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டமின்றி உழுபவருக்கு அரசு மானியம் கிடையாது என்பதே அது. இரசாயன இடுபொருட்களைக் குறைக்கும் சாகுபடி பற்றிய ஆராய்ச்சிக்கு 1988-ல் சுமார் 39 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. தொகை சிறியதுதான், ஆனால் கதவு திறந்துவிட்டது.

1989-ல் ஆப்பிள் மரங்களில் தெளிக்கப்பட்ட "அலார்" என்ற இரசாயனம் குழந்தைகளுக்குப் புற்றுநோய் ஆபத்தை உண்டாக்கும் என்று தொலைக்காட்சியில் செய்தி வந்தது. மக்கள் இயற்கை விளைபொருட்களைத் தேடினார்கள். தேவை கூடியதும் போலிகளும் கூடின. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறாக இருந்ததால் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று அமைப்புகள் கோரின. செனட்டர் பாட்ரிக் லேஹி முன்னின்று கொண்டுவந்த சட்டம் 1990-ல் நிறைவேறியது.

அதன் பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. சட்டத்துக்கான விதிகளின் வரைவை வேளாண் துறை 1997 டிசம்பரில் வெளியிட்டது. மரபணு மாற்றப் பயிர்கள், கதிர்வீச்சு பாய்ச்சிய உணவு, உரமாக இடும் சாக்கடைக் கசடு ஆகிய மூன்றையும் அந்த வரைவு தடை செய்யவில்லை. தாங்கள் கேட்டு வாங்கிய சட்டமே தங்களுக்கு எதிராகத் திரும்பியதாக விவசாயிகள் கொதித்தனர். அமைப்புகள் ஊர் ஊராகச் செய்தியைப் பரப்ப, 2,75,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் துறைக்கு வந்து குவிந்தன. 1998-ல் அமைச்சர் டான் கிளிக்மன் அந்த மூன்றுக்கும் இடமில்லை என்று அறிவித்தார். இறுதி விதிகள் 2000 டிசம்பரில் வெளியாகி, 2002 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன.

நான்கே மாதங்களில் அடுத்த தாக்குதல். இயற்கைத் தீவனம் விலை கூடினால் சாதாரணத் தீவனம் தின்ற கோழியையும் "ஆர்கானிக்" என விற்கலாம் என்ற வாசகம், 2003 பிப்ரவரியில் ஒரு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் சத்தமில்லாமல் நுழைக்கப்பட்டது. அமைப்புகள் விழித்துக்கொண்டன. ஏப்ரலிலேயே அது நீக்கப்பட்டது.

ஆனால் எல்லாம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. பண்ணை எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று சட்டம் வரம்பு விதிக்கவில்லை. அதனால் பெரிய நிறுவனங்களும் இந்தச் சந்தைக்குள் வந்தன. மண்ணே இல்லாமல் நீரில் வளர்க்கும் பயிருக்கு இச்சான்றிதழை மறுக்கும் தீர்மானம் 2017-ல் ஆலோசனை வாரியத்தில் 7-க்கு 8 என்ற வாக்கில் தோற்றது. இதனால் மனம் வெதும்பிய விவசாயிகள் சிலர் 2018-ல் தங்களுக்கென்று தனி முத்திரை ஒன்றைத் தொடங்கினர். 1973-ல் செய்ததைப் போலவே மீண்டும் தாங்களே விதி வகுத்து, தாங்களே சான்றளிக்க வேண்டியதாயிற்று.

சட்டம் வாங்குவது பாதி வேலைதான். வாங்கிய சட்டத்தைக் காவல் காப்பதே மீதிப் பாதி என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.