படுக்கையும் விளக்கும் சுமந்த சைக்கிள்கள்

விடுதி, சத்திரம் எதையும் நம்பாமல், படுக்கையையும் விளக்கையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு பல நாட்கள் காட்டுவழியே செல்லும் பயணத்தை ஆங்கிலத்தில் 'பைக்பேக்கிங்' என்கிறார்கள். இச்சொல்லைத் தமிழில் அப்படியே எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. நம் ஊரில் 'பைக்' என்றால் மோட்டார் வண்டி, மிதிப்பது சைக்கிள். 'பொதிமிதிவண்டிப் பயணம்' என்று எழுதிப் பார்த்தேன். உடனே கழுதை நினைவுக்கு வந்துவிட்டது. ஆகவே, சைக்கிள் பயணம் என்றே சொல்லிவிடுகிறேன்.

அச்சொல்லுக்குப் பரவலான அறிமுகம் தந்தது நேஷனல் ஜியாகரபிக் இதழ். அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடி வரை சைக்கிளில் செல்ல 1972இல் புறப்பட்ட நால்வருள் ஒருவரான டான் பர்டன் எழுதிய கட்டுரையை, 1973 மே மாதத்தில், அத்தலைப்பிட்டு அது வெளியிட்டது. ஆனால் இன்று அச்சொல் குறிக்கும் பை அமைப்பு வேறிடத்தில் உருவாயிற்று. 1987இல் அலாஸ்காவின் பனிப்பாதையில் 'இடிட்டாபைக்' என்னும் சைக்கிள் போட்டி தொடங்கியது. பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் அகலமான பைகள் ஆழ்பனியில் உரசின. அவற்றைத் தாங்கும் கம்பிச் சட்டங்கள் குலுக்கலில் முறிந்தன. எனவே சுமையை வண்டியின் உடம்போடு ஒட்டவைக்கும் வழிகளைத் தேடினார்கள். சட்டத்தின் முக்கோணத்துள் அடங்கும் ஒரு பை, ஹேண்டில்பாரில் குறுக்கே கட்டிய ஒரு படுக்கைச் சுருள், இருக்கையின் பின்னே வால்போல் நீளும் ஒரு பை. கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிகோ எல்லை வரை நிகழும் 'டூர் டிவைட்' போட்டி 2008இல் தொடங்கிய பிறகு இவ்வமைப்பு உலகெங்கும் பரவியது. இன்று கடைகளில் இது புத்தம்புதிய கண்டுபிடிப்பாக விற்கப்படுகிறது.

1897ஆம் ஆண்டின் புகைப்படங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அவ்வாண்டு ஜூன் 14 அன்று, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள மிசூலா கோட்டையிலிருந்து இருபது கறுப்பினப் படைவீரர்கள் சைக்கிளில் புறப்பட்டனர். இருபத்தைந்தாம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அப்பிரிவின் வீரர்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் வெள்ளையர்கள். தலைமை தாங்கிய ஜேம்ஸ் மாஸ், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1894ஆம் ஆண்டு வகுப்பில் கடைசியாகத் தேறியவர். குதிரைக்குத் தீனியும் தண்ணீரும் வேண்டும், சைக்கிளுக்கு வேண்டாம் என்பது அவர் வாதம். அதை மெய்ப்பிக்க 1,900 மைல், அதாவது சுமார் 3,050 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் லூயி நகரத்தை அடைய வேண்டியிருந்தது. கூடவே ஒரு மருத்துவரும் பத்தொன்பது வயது நிருபர் ஒருவரும் சென்றனர்.

அவ்வீரர்களின் வண்டிகளை உற்றுநோக்குங்கள். சட்டத்தின் முக்கோணத்துள் ஒரு பெட்டி. ஹேண்டில்பாரின் முன்னே ஒரு சுருள். சுருளுக்குள் ஒரு கம்பளி, மாற்று உள்ளாடை, கூடாரக் கழி, அரைக் கூடாரம். அரைக் கூடாரம் என்பதுதான் அழகு. ஒரு கூடாரத்தை இரண்டாகப் பகுத்து ஆளுக்கொரு பாதியாகச் சுமப்பார்கள். இரவில் இருவரும் பாதிகளைப் பொருத்தி ஒரே கூரையின்கீழ்ப் படுப்பார்கள். சுமையைக் குறைக்க இதைவிடச் சிக்கனமான வழியை இன்றைய விலையுயர்ந்த துணிகளும் கண்டுபிடித்துவிடவில்லை. இருவர் செல்லும் பயணத்திற்கு நான் இன்றும் முதலில் பரிந்துரைப்பது இதையே. வெறும் வண்டி ஏறத்தாழ 15 கிலோ, சுமையேற்றியபின் 27 கிலோ. துப்பாக்கியும் தோட்டாக்களும் தனி. அவற்றை உடம்பில் சுமந்தனர்.

மழையில் சேறு சக்கரத்தில் அப்பிக்கொண்டது. சாலையே இல்லாத இடங்களில் ரயில் தண்டவாளக் கட்டைகளின்மீது குலுங்கிக்கொண்டு சென்றார்கள். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் வெயிலோடு காரநீரும் சேர்ந்து பலரை நோயில் தள்ளியது. ஆயினும் 41ஆம் நாள், ஜூலை 24 அன்று, செயின்ட் லூயியை அடைந்துவிட்டார்கள். ராணுவம் பாராட்டியது, ஆனால் சைக்கிள் படையை வளர்க்கவில்லை. அடுத்த ஆண்டே ஸ்பெயினுடன் போர் மூண்டு, அப்பிரிவு கியூபாவுக்கு அனுப்பப்பட்டது.

இக்கதையை எழுதுகிற பயண ஆர்வலர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது என்பது என் கருத்து. சென்றவர்களுள் மிங்கோ சாண்டர்ஸ் என்ற மூத்த சார்ஜென்ட் ஒருவர் இருந்தார். 1906 ஆகஸ்டில் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரில் ஒரு நள்ளிரவுத் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் கொல்லப்பட்டார். பழி அங்கே முகாமிட்டிருந்த இருபத்தைந்தாம் பிரிவின்மீது விழுந்தது. வழக்கு இல்லை, விசாரணை மன்றம் இல்லை; குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 வீரர்களைப் படையிலிருந்து அவமதிப்புடன் நீக்கினார். இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வூதியத்தை நெருங்கிக்கொண்டிருந்த சாண்டர்ஸும் அவர்களுள் ஒருவர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று ராணுவம் ஒப்புக்கொண்டது 1972இல். சாண்டர்ஸ் அதற்கு வெகுகாலம் முன்பே இறந்துபோயிருந்தார். 1974இல் மொன்டானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் அதே வழியில் செயின்ட் லூயிவரை சைக்கிள் மிதித்தனர்.

விருப்பத்தின்பேரில் சுமை குறைத்தவர்களும் உண்டு. உயரமான முன்சக்கரமுடைய வண்டியில் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, 1886 டிசம்பரில் யோகஹாமாவில் உலகப் பயணத்தை முடித்த தாமஸ் ஸ்டீவன்ஸ், மழைக்கோட்டையே கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்படுத்தினார். மற்றபடி காலுறை, ஒரு சட்டை, ஒரு கைத்துப்பாக்கி. லண்டனில் தையற்கலைஞராயிருந்த தாமஸ் ஹைரம் ஹோல்டிங் இன்னும் நுட்பமானவர். சிறுவயதில் அமெரிக்கப் புல்வெளிகளை மாட்டுவண்டித் தொடரில் கடந்தவர். அயர்லாந்தின் கொனமாராவில் தோழர்களுடன் சைக்கிளில் சென்று கூடாரமடித்துத் தங்கியதை 1898இல் நூலாக எழுதினார். துணியின் எடையைக் கையால் அறிந்தவராதலால், கனத்த கித்தானை விட்டு மெல்லிய பட்டுத்துணியில் கூடாரம் தைத்தார். 1901இல் அவர் தொடங்கிய சைக்கிள் முகாமிடுவோர் சங்கமே இன்றைய பிரிட்டிஷ் முகாம் கழகத்தின் மூலவேர். ஒரு தையற்காரர் இதைத் தொடங்கியது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

படுக்கைப் பைக்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. வேல்ஸில் நியூடவுன் என்னும் சிற்றூரில் தபால்வழி வணிகம் செய்துவந்த பிரைஸ் ஜோன்ஸ், காற்றடைத்த ரப்பர் தலையணை தைத்த ஒரு கம்பளிப் போர்வைக்கு 1876இல் காப்புரிமை பெற்றார். 'யூக்ளிசியா' என்று பெயர். ரஷ்ய ராணுவம் துருக்கியுடனான போருக்காக 60,000 கேட்டது. பிளெவ்னா கோட்டை வீழ்ந்ததும் மீதி வேண்டாமென்று சொல்லிவிட, 17,000 போர்வைகள் வணிகரின் தலையில் விழுந்தன.

கம்பளிக்கு அடுத்து வந்தது இறகு. வாத்தின் மார்பிலுள்ள மென்மையான உள்ளிறகுக்குத் தமிழில் 'தூவி' என்ற அருமையான சொல் உண்டு. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பிய மெத்தை வருகிறது. அத்தனை மென்மையிலும் அவளுக்கு உறக்கமில்லை. அரசனோ பாசறையில், வாடையில் அலையும் விளக்கொளியில், புண்பட்ட வீரரைக் காண நள்ளிரவில் நடந்துகொண்டிருக்கிறான். கூடாரம், தூவி, விளக்கு ஆகிய மூன்றும் ஒரே பாட்டில் வந்துவிடுகின்றன என்பதால் சொன்னேன். மாணவர்களிடம் பேசிப் பழகிய வாய்.

தூவி தானாக வெப்பம் தருவதில்லை. அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றே குளிரைத் தடுக்கிறது. ஆகவே உடம்பின் கீழே நசுங்கிய தூவியால் பயனில்லை. அங்கே பாய் வேண்டும். இதனால்தான் எடை குறைக்க விரும்புவோர் அடிப்பகுதியே இல்லாத போர்வைக்கு மாறினார்கள். பாயின் வரலாறு சியாட்டில் நகரில் திரும்புகிறது. போயிங் நிறுவனத்தில் 1970களின் தொடக்கத்தில் வேலையிழந்த பொறியாளர்கள் சிலர், தோட்ட வேலையின்போது முழங்காலுக்கு வைக்கும் பஞ்சுத் திண்டைக் கண்டு, அதைக் காற்றுப்புகா உறைக்குள் அடைத்து வால்வு பொருத்தினார்கள். வால்வைத் திறந்தால் தானே காற்றை உறிஞ்சிப் பருக்கும் 'தெர்மாரெஸ்ட்' பாய் அப்படிப் பிறந்தது.

தேர்ந்தெடுப்போருக்கு என் யோசனை சுருக்கமானது. முதலில் செல்லுமிடத்தின் இரவைக் கேளுங்கள். தஞ்சைச் சமவெளியில் படுக்கைப் பை வீண். ஒரு பருத்திப் போர்வையும் கொசுவலையும் போதும். உதகையின் மார்கழி இரவுக்குத் தூவி வேண்டும். மழைக்காடு என்றால் செயற்கை இழையே நல்லது, நனைந்த தூவி பந்தாகச் சுருண்டு பயனற்றுப் போகும்.

விளக்கின் கதை வேறு. எண்ணெய் விளக்குகள் வழியைக் காட்டியதைவிட வண்டி வருவதைக் காட்டியதே அதிகம். 1892இல் தாமஸ் வில்சன் என்ற கனடியர் வேறெதையோ தயாரிக்க முயன்று கால்சியம் கார்பைடைக் கண்டார். நம் ஊரில் மாம்பழத்தைக் கள்ளத்தனமாகப் பழுக்கவைக்கப் போடுகிறார்களே, அதே கல்தான். மேலறையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, கீழறைக் கல்லிலிருந்து அசெட்டிலின் வாயு எழுந்து வெள்ளையாக எரியும். ஒளி அருமை, நாற்றமும் சுண்ணாம்புக் கசடும் கொடுமை. குளிரில் நீர் உறைந்தால் விளக்கே இல்லை.

பிறகு டைனமோ. டயரில் உரசி ரீங்கரிக்கும் அந்தக் குப்பி டைனமோவை நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விளக்கில்லாமல் வந்து போலீஸ்காரரிடம் அபராதம் கட்டிய கதை நம் தந்தையர் தலைமுறையில் ஏராளம். மழையில் குப்பி வழுக்கும், மிதிக்கவும் கனக்கும். இதற்குத் தீர்வாக இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே காந்தத்தை வைத்தது. உரசல் இல்லை, ஓசை இல்லை. அதன் ஆறு வோல்ட் வகை 1984 வரை தயாரானது. 1990களின் நடுவில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வில்ஃப்ரீட் ஷ்மிட் இதே எண்ணத்தைச் செம்மைப்படுத்தினார்.

இதில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஜெர்மானியச் சாலை விதியின்படி சைக்கிள் டைனமோ ஆறு வோல்ட்டில் மூன்று வாட் தரவேண்டியிருந்தது. அதாவது அரை ஆம்பியர். கணினிகளுக்காக வகுக்கப்பட்ட யுஎஸ்பி இணைப்பு கேட்டதும் ஐந்து வோல்ட்டில் அதே அரை ஆம்பியர். ஒன்றையொன்று அறியாமல் பிறந்த இரண்டு விதிகள் பொருந்திக்கொண்டன. மாறுமின்னோட்டத்தை நேராக்கும் சிறு கருவி ஒன்று இடையில் இருந்தால், தொலைபேசி சக்கரத்திலிருந்தே உணவு கொள்ளும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். 10,000 மில்லியாம்பியர் மணி கொள்ளும் பவர் பேங்கில் 37 வாட் மணி மின்சாரம் உண்டு. எடை ஏறத்தாழ 200 கிராம். டைனமோவின் இரண்டரை வாட்டில் அதை நிரப்ப, இழப்பே இல்லையென்றாலும் பதினைந்து மணி நேரம் மிதிக்கவேண்டும். டைனமோக் குடம் சாதாரணக் குடத்தைவிடச் சுமார் 250 முதல் 300 கிராம் வரை கூடுதல். மூன்று நாட்களுக்கொரு முறை ஏதாவதொரு டீக்கடையில் மின்செருகி கிடைக்குமென்றால் பவர் பேங்கே இலகு. வாரக்கணக்கில் ஊர் இல்லாத வழியென்றால் டைனமோவின் கை ஓங்கும். அப்போதும் மலையேற்றத்தில் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் தொலைபேசிக்கு மின்சாரம் ஏறக்குறைய நின்றுவிடும். அவ்வேகத்திலும் முன்விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்.