முத்துப்பேட்டை வட்டாரத்தில் மாவட்ட ஊராட்சி வேட்பாளர்கள்

மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் என்பது தமிழ்நாட்டின் மூன்றடுக்கு ஊரக உள்ளாட்சியில் மேலடுக்குப் பதவி. மக்கள் வழக்கில் 'மாவட்டக் கவுன்சிலர்'. திருவாரூர் மாவட்ட ஊராட்சியில் 17 வார்டுகள். அவற்றுக்குள் 10 ஊராட்சி ஒன்றியங்களும் 430 கிராம ஊராட்சிகளும் அடங்கும். காவிரியின் கடைமடையில், அலையாத்திக் காட்டை ஒட்டிக் கிடக்கும் முத்துப்பேட்டை ஒன்றியம் அந்தப் பத்தில் ஒன்று. தில்லைவிளாகம், இடும்பாவனம், ஜாம்புவானோடை, தொண்டியக்காடு முதலிய 29 ஊராட்சிகள் அதில் உண்டு.

ஒன்றியத்துக்குப் பெயர் தந்த முத்துப்பேட்டை ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. முத்துப்பேட்டை பேரூராட்சி, அது நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கில் வரும். அவர்கள் தங்கள் பேரூராட்சிக் கவுன்சிலர்களை 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மாவட்டக் கவுன்சிலருக்கு நிற்பவர் முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஒலிபெருக்கி கட்டிப் போனால், கல்லாவில் இருக்கும் கடைக்காரர் அவருடைய வாக்காளர் அல்லர்; சாமான் வாங்க வந்து நிற்கும் கிராமத்தார்தான் வாக்காளர்.

வேட்பாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019 தேர்தலில் இப்பதவிக்கான வைப்புத்தொகை 1,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 500 ரூபாய். செலவு வரம்பு 1,70,000 ரூபாய். ஊராட்சித் தலைவருக்கு நிற்பவர் 34,000 வரை செலவழிக்கலாம் என்றிருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. ஆனால் வார்டும் பெரிது. ஏறத்தாழ 50,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்பது கணக்கு. ஒன்றியக் கவுன்சிலருக்கு அது 5,000 பேர். 5,000 பேர் கொண்ட பகுதியை ஒருவர் தெருத் தெருவாக நடந்தே முடித்துவிடலாம். 50,000 பேரை ஆறும் வாய்க்காலும் குறுக்கிடும் ஊர்களில், இரண்டு வாரத்துக்குள் வீடு வீடாகப் பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே இந்தப் பதவிக்கு நிற்பவரை முகத்தால் அறிந்தவர்கள் குறைவு. சின்னத்தால் அறிந்தவர்களே அதிகம்.

சட்டமும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. ஊராட்சித் தலைவர், கிராம வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ போன்ற பொதுச் சின்னங்களே. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் தேர்தல்கள் கட்சி அடிப்படையில் நடப்பவை. எனவே மாவட்டக் கவுன்சிலர் வேட்பாளருக்கான முதல் போட்டி கட்சிக்குள்ளும் கூட்டணிக்குள்ளும் நடந்து முடிந்துவிடுகிறது. பொதுவுடைமைக் கட்சிகளுக்கு வேர் உள்ள திருத்துறைப்பூண்டிப் பகுதியில், எந்த வார்டை யாருக்கு விடுவது என்ற பேச்சு எளிதில் முடிவதில்லை. இட ஒதுக்கீட்டுச் சுழற்சியும் கணக்கை மாற்றும். 2016-இல் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்தது. பல காலமாக வார்டைப் பண்படுத்தி வைத்திருந்த கட்சிக்காரர், வார்டு பெண்களுக்கு என்று அறிவிக்கப்பட்டதும் மனைவியின் பெயரில் மனுப் போடுவது தமிழ்நாடு முழுக்கக் கண்ட காட்சி. அப்படி வந்தவர்களில் சிலர் பின்னர் தாமாகவே அரசியல் செய்யத் தொடங்கியதும் உண்டு.

2019-இல் மனுத்தாக்கல் டிசம்பர் 9 முதல் 16 வரை, 17-இல் பரிசீலனை, 19-இல் திரும்பப் பெறும் நாள். வாக்குப்பதிவு டிசம்பர் 27, 30 ஆகிய இரு நாள்களில், 27 மாவட்டங்களில் நடந்தது. மார்கழி மாதம், டெல்டாவில் சம்பா வயலில் நிற்கும் காலம். வீட்டில் ஆள் இல்லையென்றால் வேட்பாளர் வரப்பில் நடக்க வேண்டியதுதான். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போய் ஓராண்டே கடந்திருந்தது.

கிராமத்து வாக்காளருக்கு அன்று நான்கு ஓட்டு, நான்கு சீட்டு. மின்னணு இயந்திரம் இல்லை, பழைய வாக்குப்பெட்டிதான். கிராம வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வெள்ளையும் இளஞ்சிவப்பும் சொந்தக்காரரை, பங்காளியை, தெருக்காரரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டுகள். சண்டையும் சமரசமும் அவற்றைச் சுற்றியே. மஞ்சள் சீட்டில் கட்சி அபிமானம் நிதானமாக விழும். சட்டமன்றத் தேர்தலின் முன்னோட்டமாகக் கட்சிகள் அதை எண்ணிப் பார்ப்பதற்கு இதுவே காரணம். 2020 ஜனவரி 2-இல் எண்ணிக்கை தொடங்கியது. 515 மாவட்ட ஊராட்சி வார்டுகளின் முடிவு தெரிந்தது. வென்றவர்கள் 6-ஆம் தேதி பதவியேற்றார்கள். 11-ஆம் தேதி அவர்களே தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். திருவாரூரில் அதற்கு 9 உறுப்பினர்கள் கையில் இருந்தால் போதும்.

இந்த அவைக்கு முன்னோடி பழைய தஞ்சாவூர் ஜில்லா போர்டு. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அது, முத்துப்பேட்டைக்கு ரயிலைக் கொண்டுவந்தது. நிலவரியோடு ரூபாய்க்கு 3 பை ரயில் வரியாகச் சேர்த்து வசூலித்து, மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதையை போர்டே போட்டது. 1894-இல் வண்டி ஓடியது. பின்னர் அந்தப் பாதை பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என நீண்டது. அன்று போர்டின் தலைவர் கலெக்டர். சாதாரணக் குடியானவனுக்கு ஓட்டு இல்லை. பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் வந்தார்கள். நீதிக்கட்சியின் ஏ. டி. பன்னீர்செல்வம் 1924 முதல் 1930 வரை தலைவராக இருந்தார். ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திர விடுதிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க வழி செய்தவர் அவர். 1958-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் ஜில்லா போர்டுகள் கலைந்தன.

நேரடியாக மக்கள் தேர்ந்தெடுக்கும் மாவட்ட அவை, 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தால் மறுபடி வந்தது. முதல் தேர்தல் 1996 அக்டோபரில். அப்போது முத்துப்பேட்டை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது; திருவாரூர் மாவட்டம் 1997 ஜனவரி 1-இல்தான் பிறந்தது. 2001, 2006, 2011 எனத் தேர்தல்கள் தவறாமல் நடந்தன. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியதைப் பழங்குடியினர் ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. மனுப் போட்டு, சுவர் பிடித்து, சுவரொட்டியும் அடித்திருந்தவர்கள் மூன்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அடுத்த முறை வார்டே மாறிப்போயிருந்தது.

வென்றவர் என்ன செய்யலாம் என்பதுதான் இப்பதவியின் பலவீனமான பகுதி. மாவட்ட ஊராட்சிக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநில நிதிக்குழு வழியே ஊரக உள்ளாட்சிக்கு வரும் பணத்தில் அதன் பங்கு 8 விழுக்காடு. மாவட்டத் திட்டக் குழுவுக்கு மாவட்ட ஊராட்சித் தலைவரே தலைவர், கலெக்டர் துணைத்தலைவர் என்று ஏட்டில் இருக்கிறது; நடைமுறையில் மனுக்கள் போய்ச் சேர்வது கலெக்டரிடமே. சாலை, சிறுபாலம், பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி என்று உறுப்பினர் கேட்டு வாங்கித் தரலாம். 54 மைல் ரயில் பாதை அவருக்குக் கனவிலும் வராது. சிலருக்கே ஓட்டு இருந்த அவையிடம் ரயில் போடக் காசிருந்தது. எல்லோருக்கும் ஓட்டு வந்தபின் காசு வேறிடம் போய்விட்டது.

2020-இல் பதவியேற்ற உறுப்பினர்களின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. பொறுப்பு தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.